வளைவிலிருந்து தெரிந்த ஜன்னல்

பாங்கு சத்தம் கேட்டதும் சுஐப் எழுந்துகொள்வான். தொழுதுவிட்டு வந்து பால் காய்ச்சுவான். பால் ஆறுவதற்குள் முகம் மழித்துக் குளித்துவிடுவான். பிறகு ஜன்னலுக்குப் போவான். குச்சியைத் திருகுவான். பிளைண்டின் அலுமினியப் பட்டைகள் கிடையாகும். வெயில் வரிவரியாகத் தரையில் விழும். கயிற்றை இழுத்துத் திரையை மேலே ஏற்றுவான். மிச்சக் கயிற்றைத் தலைக்கு மேலே அடித்திருக்கும் கொக்கியில் எட்டுப் போட்டுச் சுற்றுவான். இழுத்துப் பார்ப்பான். அவிழாது. மறுபடியும் இழுத்துப் பார்ப்பான்.

அதற்குள் அத்தியா எழுந்துவிடுவாள். ஒன்றரை வயது. நேராக ஜன்னலடிக்கு வந்து, கயிற்றைப் பிடிக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். எட்டாது. அவனைப் பார்ப்பாள். அவன் பால் டம்ளரை நீட்டுவான். குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டு, மகளைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவான்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அவன் அத்தா சுபுஹானின் கடை. திரைச்சீலை, மெத்தை உறை, இப்போது பிளைண்டும். சுஐப் ஷட்டரைத் தூக்குவான். வாசலில் தண்ணீர் தெளிப்பான். எதிர் டீக்கடையில் இரண்டு நாளாக ஒரே பேச்சு. இடஒதுக்கீட்டில் இருபது விழுக்காடு வந்துவிட்டது, போராட்டம் ஜெயித்துவிட்டது என்று பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

"இன்னா பாய், டீயில சக்கர கம்மியா?" என்பார் டீக்கடைக்காரர்.

"சரியா இருக்கு."

அந்த நேரத்தில்தான் பழனி சைக்கிளில் அந்த வழியாகப் போவான். கல்லூரியில் சுஐபுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கடையைத் தாண்டும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். சுஐபும் கூப்பிடமாட்டான்.

கடைக்கு வரும் பெண்களில் யாராவது அவன் மனைவி ரிஹானாவைப் பற்றிக் கேட்பார்கள். "கடைசியா இன்னா சொல்லிச்சு தம்பி அந்தப் பொண்ணு?" அதற்கு இரண்டு பதில்கள் ஊரில் உண்டு. அவளை வளர்த்த சித்தி, எல்லோருக்கும் சாச்சி, கலிமா சொன்னாள் என்பார். அவள் அத்தா ஜமால் முகமது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்பார். சுஐப் இரண்டையும் மறுத்ததில்லை. துணியை அளந்துகொண்டிருப்பான்.

அவளை அவன் முதலில் பார்க்கவில்லை. அவள்தான் அவனைப் பார்த்தாள்...

எண்பத்தாறாம் வருஷம், மே மாதம். இடஒதுக்கீடு கேட்டு ஒரு நாள் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். சுஐப் மறியல் தொடங்கும் முன்பே போய்விடலாம் என்று கரியாலூர் பஸ்ஸின் கூரையில் பிளைண்டுகளைக் கட்டி ஏற்றினான். மலை அடிவாரத்தில் பஸ் நின்றது. சாலையோரம் பழனி ஆட்களோடு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துண்டு. எழுந்து ஜன்னலருகே வந்தான்.

"எங்க மாப்ள?"

"கரியாலூர். ஜமால் முகமது வூட்டுக்கு."

"இதான் கடைசி வண்டி. ஏறினா எறங்க முடியாது, பாத்துக்கோ."

"சாயங்காலம் வேலை முடிஞ்சுடும்டா. வழி விட மாட்டியா?"

"உனக்கு விட்டா ஊருக்கே விடணும். மலையிலயே படுத்துக்கோ. உனக்கு யாரு காத்துக்கினு இருக்கா?" பழனி சிரித்தான். "நீயும் பி.எஸ்சி., நானும் பி.எஸ்சி. எங்கப்பன் கூலிக்குப் போயி என்னப் படிக்க வச்சான். நீ ஜன்னல் மாட்டுற... நான் ரோட்ல குந்திக்கினு இருக்கேன். போ, போ."

ஜமால் முகமது மலையில் பலாவும் புளியும் தேனும் வாங்கிக் கீழே விற்கிறவர். கரியாலூரில் சாலை திரும்பும் வளைவுக்குக் கீழே, சரிவில் புதுவீடு கட்டியிருந்தார். வீட்டுப் பெண்கள் வந்து தங்கும் இடம். வெளியிலிருந்து ஒரு கண் உள்ளே வரக்கூடாது என்பது அவர் கட்டளை. காவலாள் தங்கதுரை சாவியைக் கொடுத்துவிட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டார்.

சுஐப் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை பழகியவன். ஜன்னலின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக அளப்பான். எது குறைவோ அதுதான் கணக்கு. சுவரில் துளை போடும் முன் சுவிட்ச் எங்கே இருக்கிறது, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பான். ரசமட்டத்தை வைத்து நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை திருகாணியை முடுக்கமாட்டான். ஏணியின் மேல்படியில் ஏறமாட்டான். ஒருநாள் அவசரப்பட்டவன் கதையை மெட்ராஸில் கேட்டிருக்கிறான்.

மாலைக்குள் எல்லா ஜன்னலும் முடிந்தன. குமிழி எல்லாவற்றிலும் நடுவில் நின்றது. வெளியே கோடை மழை பிடித்துக்கொண்டது. சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. பட்டைகளை இறுக மூடினான். யாருமில்லை. சட்டையைக் கழற்றித் துவைத்த சட்டையைப் போட்டான். சீப்பை நனைத்து முடி வாரினான். வேலை நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷம். ரசமட்டத்தை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த பாட்டொன்றைப் பாடினான்...

கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாருங்க? சட்டை போட்டாச்சுன்னா கதவத் தொறங்க."

பெண்குரல். திறந்தான். குடையோடு ஒரு வயதான அம்மாள். பக்கத்தில் ஒரு பெண். முக்காடு நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. இமையின் நுனியில் ஒரு மழைத்துளி நின்றது. விழவா வேண்டாமா என்று யோசிப்பதுபோல... அவன் அந்தத் துளியையே பார்த்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். துளி விழுந்தது.

"நான் இந்த வூட்டுக்காரர் பொண்ணு. இவங்க எங்க சாச்சி. அருவி பாக்க வந்தோம். கீழ மறியலு, ஜீப்ப விடலியாம். நீங்கதான் பிளைண்டு மாட்ட வந்தவரா?"

"ஆமாங்க."

"மாட்டிட்டீங்களா?"

"எல்லாம் மாட்டி மூடியாச்சு. ஒரு ஈ கூட உள்ள பாக்க முடியாது."

"அப்படியா..." அவள் சாச்சியைப் பார்த்தாள். சாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஊதா சட்டையக் கழட்டினீங்க. வெள்ள சட்ட போட்டீங்க. சீப்பத் தண்ணில நனைச்சு, வகிடு எடுத்து, கலைச்சு, மறுபடியும் எடுத்தீங்க. அப்புறம் அந்தக் கட்டையக் கையில புடிச்சுக்கினு..."

"போதுங்க."

"பாட்டு மட்டும் கேக்கல. மழ சத்தம் ஜாஸ்தி."

சுஐபுக்குக் காது சுட்டது. பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் குடையை நீட்டினாள். "நம்பலன்னா மேல போயி பாருங்க."

குடையை வாங்காமல் போனான். வளைவில் நின்று கீழே பார்த்தான். மூடியிருந்த பட்டைகளுக்கு நடுவே எல்லாம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. தரை. அவன் பை. சுருட்டிப் போட்ட ஊதாச் சட்டை. அதன் பக்கத்தில் அவள் பாதங்கள்.

கள்ளக்குறிச்சியில் வீடுகள் படிக்கட்டு வைத்து உயர்த்திக் கட்டியவை. தெருவில் போகிறவன் கண் ஜன்னலுக்குக் கீழே இருக்கும். அதனால் பட்டைகளின் வெளி ஓரம் மேலே நிற்கும்படி மூடுவான். கீழிருந்து பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் மட்டும் இறுகும்படிக் கயிற்றில் முடிச்சும் போடுவான். சமவெளிப் பழக்கம். இங்கே சாலை வீட்டுக்கு மேலே போகிறது. கண் மேலிருந்து வருகிறது. அவன் வைத்த ஒவ்வொரு பட்டையும் அந்தக் கண்ணை வழுக்கி உள்ளே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் அவன்.

நனைந்து திரும்பி வந்தான். முதல் ஜன்னல் திரையைக் கழற்றினான்.

"நாளைக்குச் செய்யலாமே... இப்பவேவா?" என்றாள்.

"தப்பா மாட்டினது தொங்கிக்கினு இருந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க."

முடிச்சைப் பிரித்து மறுபக்கம் கட்டினான். வெளி ஓரம் கீழே, உள் ஓரம் மேலே. மாட்டிவிட்டு நின்றான். உள்ளே ஒருவர் குச்சியைத் திருக வேண்டும். வெளியே ஒருவர் வளைவில் நிற்க வேண்டும். சாச்சிக்கு முழங்கால் வலி. ரிஹானா குச்சியைப் பிடித்தாள். சுஐப் வளைவுக்குப் போனான்.

"இப்ப தெரியுதா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தெரியுது."

"இன்னா தெரியுது?"

"கை."

பட்டைகள் சாய்ந்தன. "இப்ப?"

"வளையல்."

"இப்ப...?"

மழை தூறலாகியிருந்தது. ஒரே ஒரு கீற்றுதான் மிச்சம். அந்தக் கீற்றில் இரண்டு கண்கள். பெரிய கண்கள்... சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்போது கண்களின் ஓரம் இப்படிச் சுருங்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அந்தப் பக்கம் வந்த மாட்டுவண்டிக்காரர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார். அவன் நகரவில்லை.

"ஏங்க, கேக்குதா? இப்ப இன்னா தெரியுது?"

"கண்ணு. ரெண்டு கண்ணு மட்டும்."

"அப்ப இன்னும் மூடணுமா?"

அவன் அந்தக் கீற்றையே பார்த்தான். "போதும்," என்றான்.

அவள் முழுக்க மூடினாள்.

கடைசியாகக் கொக்கிகள். அவன் கையை உயர்த்தி, எட்டும் உயரத்தையும் தாண்டிக் குறித்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ மேலயா? எனக்கே எட்டாது போலக்கீது."

"எட்டும். நுனிக்கால்ல நின்னா எட்டும். கயிறு கீழ தொங்கக் கூடாதுங்க. சின்னப் புள்ளைங்க கழுத்துல மாட்டிக்கும்."

"இந்த வூட்டுல புள்ளைங்களே இல்லியே?"

"வரும்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரொம்ப தூரம் யோசிச்சுத்தான் ஆணி அடிக்கிறீங்க," என்று சொல்லிவிட்டுச் சாச்சியிடம் போய்விட்டாள்.

அன்று தங்கதுரையின் குடிசையில் படுத்தான். காலையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. பஸ் ஏற வளைவில் நின்றான். கீழே ஜன்னல் மூடியிருந்தது. பஸ் கிளம்பும்போது ஒரு பட்டை விரலால் விலகியது...

அவ்வளவுதான். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டில் பிளைண்டு மாட்டினாலும் சுஐப் வேலை முடிந்தது என்று சொல்லமாட்டான். உள்ளே ஒருவரை நிற்கவைப்பான். வெளியே போய் நேராக நின்று பார்ப்பான். கீழே குனிந்து பார்ப்பான். எதிர்வீட்டு மாடிக்கு ஏறி மேலிருந்து பார்ப்பான். பிறகு வந்து, "தெரியல" என்பான். அதற்குப் பிறகுதான் பையைக் கட்டுவான்.

சுபுஹானுக்கு மகன் முகம் புரிந்தது. பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் மூலம் பெண் கேட்கச் சொன்னார். ஜமால் முகமது பதிலை நேரிலேயே கொண்டுவந்தார். கடையில் நாலு பேர் துணி பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"என் வூட்டு ஜன்னலுக்கு ஸ்க்ரூ முடுக்க வந்தவன், வூட்டுக்கே மாப்பிள்ளையா வரப் பாக்குறான். ஸ்டூல் மேல ஏறி நின்னா ஒசந்துட்டதா நெனப்பா சுபுஹான் பாய்?"

சுபுஹான் தலை குனிந்தார். சுஐப் கத்தரியைக் கீழே வைத்தான்.

"உங்க ஜன்னல்ல குறை இருந்தா சொல்லுங்க. வேற பேச்சு வேணாம்."

"குறை இல்லாமத்தான் இருக்கு."

"அப்ப நான் அந்த மலை ஏற வேண்டிய வேலையே இல்ல."

ஏறமாட்டேன் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டான். அவன் போடும் முடிச்சு அவிழாது.

ஒருநாள் தங்கதுரை மலையிலிருந்து இறங்கி வந்தார். "பெரிய ஜன்னல் கோணிக்கிச்சாம்பா. பாப்பா சொல்லச் சொல்லிச்சு."

"நான் மாட்டினது கோணாது. வேற ஆள் பாக்கச் சொல்லுங்க."

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தார். "குச்சி சுத்த மாட்டேங்குதாம்."

"எண்ணெய் விடச் சொல்லுங்க."

"விட்டுச்சாம். அப்பவும் சுத்தலியாம்." தங்கதுரை பீடியைப் பற்றவைத்தார். "எனக்கு இன்னாத்துக்குப்பா இந்தப் பொழப்பு... ஜன்னலுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கினு மலை ஏறி எறங்கிக்கினு கெடக்கேன்."

மூன்றாம் தடவை வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "கொக்கி கழண்டுடுச்சாம். கயிறு தரை வரிக்கும் தொங்குதாம். சாச்சியோட பேத்தி வந்துக்கீது. தவழுற புள்ள."

சுஐப் கையிலிருந்த துணியை வைத்தான். பையை எடுத்தான். அடுத்த பஸ்ஸில் ஏறினான். மலைப்பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுக்குக் கயிறுதான் தெரிந்தது. பஸ் நின்றதும் ஓடினான். கதவு திறந்தே இருந்தது.

குழந்தை இல்லை. கூடத்தில் ரிஹானா மட்டும் நின்றாள். அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம், அது சாச்சி. ஜன்னல் விளிம்பில் ஒரு சாஸர். அதில் கொக்கியும் இரண்டு திருகாணிகளும் பத்திரமாக இருந்தன.

"இது தானா கழண்டது இல்ல," என்றான்.

"இல்ல."

"புள்ள எங்க?"

"புள்ளன்னு சொன்னாத்தான் வருவீங்கன்னு தெரியும்."

அவனுக்குக் கோபம் வந்தது. மூச்சு வாங்கியது. "இதுல வெளையாடக் கூடாதுங்க. வர வழியெல்லாம் நான் இன்னா பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியாது."

"ரெண்டு தடவ சொல்லியனுப்பினேனே, அப்ப எங்க போச்சு இந்த ஓட்டம்? எங்க அத்தா ஒரு வார்த்த சொன்னாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க. ரெண்டு பேரும் கௌரவமா உக்காந்துட்டீங்க. நடுவுல நான் ஜன்னலப் பாத்துக்கினு இருக்கேன்..."

அவள் குரல் இறங்கியது. அவன் சாஸரை எடுத்தான். எதையாவது கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் பட்டைகளைக் கவனித்தான். வெளி ஓரம் மேலே, உள் ஓரம் கீழே. முடிச்சு மாறியிருந்தது.

"இத யாரு திருப்பிக் கட்டினது?"

"நான்தான். அன்னிக்கு நீங்க கட்டினதப் பாத்துக்கினே இருந்தேன்ல."

"ரோட்ல இருந்து எல்லாம் தெரியும்ங்க."

"தெரியணும்னுதான்." அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அத்தா இப்ப வர்ற நேரம். மேல வளைவுலதான் ஜீப்ப நிறுத்துவாரு. மறைச்சு வச்சுப் பண்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. பாக்கட்டும்."

மேலே ஜீப் நின்ற சத்தம் கேட்டது. சுஐப் சாஸரோடு அங்கேயே நின்றான்.

"அன்னிக்கு ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது, போதும்னு சொன்னீங்க," என்றாள் ரிஹானா. "எனக்குப் போதலங்க. உங்கள... முழுசா தெரியணும். தெனமும் தெரியணும்."

மழை இல்லை. அவள் கண்ணோரம்தான் நனைந்திருந்தது. அவன் என்ன சொன்னான் என்று பின்னால் அவள் பலமுறை கேட்டுச் சிரித்திருக்கிறாள். அவன் சொன்னது, "எனக்கும்" என்ற ஒரு சொல்தான். அதைச் சொல்ல அவனுக்கு அவ்வளவு நேரம் ஆனது.

ஜமால் முகமது உள்ளே வந்தார். வளைவில் அவரோடு பலாப்பழம் ஏற்ற வந்த ஆட்களும் நின்றிருக்கிறார்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேர் இரண்டு முழம் தள்ளி நின்று, ஒருவர் அழ ஒருவர் சாஸரைப் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தார்கள். அதற்கு மேல் இல்லை. அதுதான் அவரை உட்காரவைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து சாஸரில் இருந்த கொக்கியைப் பார்த்தார்.

"அந்தக் கொக்கிய மாட்டு," என்றார் கடைசியில். "நாளைக்குப் பேரப்புள்ள வர்ற வூடு."

நிக்காஹ் மழைக்காலம் முடிவதற்குள் நடந்தது. பழனி ஒரு ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "நான் மட்டும் அன்னிக்கு ரோட்ட மறிக்கலன்னா இவன் சாயங்கால பஸ்ல எறங்கி வந்துருப்பான். பொண்ணு கட்டிக் குடுத்தது ஜமால் பாய் இல்ல, நாங்கதான்," என்று பந்தலில் எல்லோரிடமும் சொன்னான். ரிஹானா உள்ளறையிலிருந்து கேட்டுச் சிரித்தாள்.

வீட்டு ஜன்னல்களுக்கு சுஐப் பிளைண்டு மாட்டினான். உள்ளே நிற்பது அவள் வேலை. வெளியே நிற்பது அவன் வேலை. "தெரியிறேனா?" என்பாள். தெரியவில்லை என்றால் வேண்டுமென்றே ஒரு பட்டையை விலக்குவாள். எதிர்வீட்டு மாடியில் நின்றுகொண்டு அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவான். கொக்கியை எட்ட அவள் நுனிக்காலில் நிற்பாள். வயிறு பெரிதான பிறகு அதையும் அவன்தான் செய்தான்.

எண்பத்தேழு, செப்டம்பர். இந்த முறை மறியல் ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஊர்கள் தனித்தனியாக நின்றன.

அந்த வாரத்தில்தான் அத்தியா பிறந்தாள். ஊரிலேயே, நல்லபடியாகத்தான் பிறந்தாள். ரிஹானா குழந்தையைப் பார்த்தாள். மூக்கு அவனைப் போல இருக்கிறது என்று சொன்னாள். பிறகு இரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார். சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

ஜமால் முகமது ஒரு அம்பாசடர் பிடித்தார். குழந்தை சுஐபின் அம்மாவிடம் இருந்தது. பின்சீட்டில் சாச்சி மடியில் ரிஹானா. கார் ஜன்னலுக்குத் திரையில்லை. சுஐப் தன் நீலத் துண்டைக் கண்ணாடி இடுக்கில் செருகி ஒரு பக்கம் மறைத்தான். மறுபக்கம் அவளுடைய துப்பட்டியைச் செருகினான். அந்த நேரத்திலும் அவன் கை ஓரங்களை இழுத்துச் சமன் பார்த்தது.

சின்னசேலம் வருவதற்கு முன் ஒரு மரம் கிடந்தது. பெரிய புளி. ஆட்கள் கூடிவிட்டார்கள். டிரைவர் இறங்கிக் கெஞ்சினார். கூட்டத்திலிருந்து பழனி வந்தான். உள்ளே குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ள..." என்றான். திரும்பிக் கத்தினான். "ரம்பம் எடுத்துக்கினு வாங்கடா. டேய், சீக்கிரம்." சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனே மரத்தில் ஏறினான். யாரும் மறுக்கவில்லை. அத்தனை பேரும் இறங்கினார்கள். தாங்கள் சாய்த்த மரத்தைத் தாங்களே அறுத்தார்கள். பச்சை மரம். சாய்த்த வேகத்தில் அறுக்க வரவில்லை.

காரைச் சுற்றிக் கூட்டம். அண்டை ஊர்ப் பெண்களும் வந்துவிட்டார்கள். சாச்சி கண்ணை மூடி யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். ஜமால் முகமது வெளியே மரத்தருகே நின்றிருந்தார். சுஐப் அவள் கையைப் பிடித்திருந்தான். கை சில்லென்று இருந்தது. அவள் கண் திறந்து, துண்டின் ஓரத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். துணிக்கு வெளியே தலைகள் நிழலாக அசைந்தன. அவள் முக்காட்டைத் தேடினாள். அவன் இழுத்துவிட்டான். அவள் அவனிடம் ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டான். உடனே கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

அவள் சொன்னபடி செய்தான். நேராக நின்று பார்த்தான். குனிந்து பார்த்தான். பிறகு சாய்ந்து கிடந்த மரத்தின் அடிப்பகுதியில் ஏறி நின்று, மேலிருந்து காரைப் பார்த்தான். நீலத் துண்டு. அந்தப் பக்கம் துப்பட்டி. ஒரு கீற்று இல்லை. ஒழுங்காக மறைத்திருந்தான்.

"வழி ஆயிடுச்சு. ஏறு மாப்ள, ஏறு," என்று பழனி கத்தினான். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது.

சுஐப் ஓடிவந்து கதவைத் திறந்தான். உள்ளே உட்கார்ந்தான்.

"தெரியல," என்றான். "எந்தப் பக்கத்துல இருந்தும் தெரியல."

கார் நகர்ந்தது. சாச்சி இன்னும் ஓதிக்கொண்டுதான் இருந்தார். அவன் மறுபடியும் சொன்னான். சேலம் வரை போக வேண்டிய வேலை இருக்கவில்லை.

அடக்கம் செய்யும் அன்று பழனி கபர்ஸ்தான் சுவருக்கு வெளியே நின்றான் என்று சொன்னார்கள். சுஐப் பார்க்கவில்லை. இப்போது இருபது விழுக்காடு வந்துவிட்டது. பழனிக்கு வேலை கிடைக்கலாம். கிடைக்கட்டும். சைக்கிளை நிறுத்தினால் சுஐப் அவனுக்கு ஒன்றைச் சொல்வான். மரம் முழுசாகக் கிடந்திருந்தாலும், அறுத்திருந்தாலும், அவள் மூச்சு நின்ற நேரத்தில் தானே காருக்குள் இல்லை என்று சொல்வான். பழனி நிறுத்துவதில்லை.

சாயங்காலம் சுஐப் வீட்டுக்கு வருவான். கொக்கியிலிருந்து கயிற்றை எடுப்பான். திரையை இறக்குவான். குச்சியைத் திருகுவான். அத்தியா பக்கத்தில் நிற்பாள். தெருவுக்குப் போய் வெளியிலிருந்து பார்ப்பதை அவன் இப்போது மற்றவர்கள் வீட்டில் மட்டும்தான் செய்கிறான்.

சாச்சி கலிமா என்கிறார். அவர் கண்ணை மூடியிருந்தார். ஜமால் முகமது குழந்தை என்கிறார். அவர் மரத்தருகே இருந்தார். அவர்களுக்கு அது வேண்டும். இருக்கட்டும். அவள் வாயருகே காதை வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவள் கடைசியாகச் சொன்னது இது:

"வெளிய நின்னு பாத்துட்டு வாங்க... நான் தெரியிறேனா?"